வள்ளத்தில் நின்ற ஆள்

மலர், சேகரன், சின்னவள் தேவி, மூன்று பேருக்கும் அப்பா எழுதுவது.

போன கிழமை நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு புறாமலைத் தீவுக்குப் போய் வந்தீர்கள். வெயிலில் முகம் கறுத்து, முழங்கால் உரசுப்பட்டு, வாய் மட்டும் ஓயாமல் வந்தீர்கள். அங்கே எஞ்சின் வள்ளத்துப் பெடியன்கள் சொன்ன கதையை நீங்கள் மாறி மாறி எனக்குச் சொன்னீர்கள். முன்னொரு காலத்தில் கடல் கிளம்பிய நாளில், எங்கள் யாசீன் மாமா ஒரு பெண்ணைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கல்லிலிருந்து கடலுக்குள் குதித்தாராம். வள்ளக்காரன் வள்ளத்தைக் கல்லில் இடிக்க விட்டதால்தான் மாமாவின் கால் போனதாம். சேகரன் அவரைப்போல் நொண்டியும் காட்டினான். பிறகு சின்னவள் கேட்டாள்: “கீழ வள்ளத்தில நிண்ட அந்த ஆள் ஆர் அப்பா?”

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். “அப்பாவுக்குத் தலையிடி” என்று உங்கள் அம்மா சொன்னது கேட்டது. தலையிடி இல்லை. எரிச்சல்.

உங்களில் குற்றமில்லை. உங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் மலையேறுகிற ஆள், யாசீன் வள்ளத்தில் இருக்கிற ஆள். அதற்கு முன்னர் அது மறுவளமாக இருந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். கதை சொல்ல வராது. ஆனால் இந்தக் கதையை எனக்குத் தெரிந்த மாதிரி ஒருமுறை எழுதி வைக்கவேண்டும்.

நான் சல்லி என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவன். பதினாறு வயதில் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் வள்ளங்களில் துடுப்புப் போடச் சேர்ந்தேன். கப்பலுக்கும் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. அவன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது என் வேலையும் போனது. அப்பாவோடு கரைவலை இழுத்தேன். பிறகு நிலாவெளிக் கரையில் ஒரு விடுதி திறந்தார்கள். புறாமலைக்கு விருந்தாளிகளைக் கொண்டுபோக வள்ளக்காரர் இரண்டு பேர் தேவை என்றார்கள். போனேன். அங்கே எனக்கு முன்னரே வந்து, குசினிக்காரனோடு பகிடி விட்டுக்கொண்டு, வாழைப்பழம் உரித்துக்கொண்டு நின்றவன்தான் கிண்ணியா யாசீன்.

விடுதி மனேஜர் செல்வரத்தினம் ஐயா. அரைக்காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளை மேசு என்கிற காலுறை, கையில் எப்போதும் சப்பாத்து. கையில் ஏன் என்றால், ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் சப்பாத்தையும் மேசுகளையும் கழற்றிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நிற்பார். பேசமாட்டார். அலை காலில் அடிக்கிற விதத்தை வைத்து அன்றைக்குப் போகலாமா, கூடாதா என்று பார்ப்பார். திரும்பி வந்து “ம்” என்றால் போகலாம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டால் பயணம் இல்லை. அந்த “ம்”மைத் தவிர அவரிடம் வேறு பாராட்டோ ஏச்சோ நான் அதிகம் கேட்டதில்லை.

புறாமலை கரையிலிருந்து பார்க்கப் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். போனால் தெரியும். சுற்றிவர முருகைக்கல், தண்ணீருக்கடியில் பவளப்பாறை. ஆட்களை இறக்கக்கூடிய கரை ஒன்றே ஒன்று, அதுவும் முருகைக்கல் நொருங்கிக் கிடக்கிற கரை. நங்கூரம் போட்டால் கல்லில் கொழுவிக்கொள்ளும், எடுக்க ஏலாது. வள்ளத்தைக் கரையில் இழுத்து விட்டால் அடி கிழியும். ஆகவே வள்ளத்தில் ஒரு ஆள் எப்போதும் நிற்கவேண்டும். வள்ளத்தின் மூக்குக் கடலைப் பார்க்க, பின்புறம் கரையைப் பார்க்க, பின்னுக்குப் பின்னுக்காகக் கொண்டுபோவேன். யாசீன் நெஞ்சளவு தண்ணீரில் குதித்து வள்ளத்தின் பின்புறத்தைப் பிடிப்பான். இரண்டு அலைக்கு இடையில் “இப்ப!” என்பான். ஒரு ஆள் இறங்கும். அடுத்த அலை போன பிறகு மறுபடி “இப்ப!” எல்லோரும் இறங்கியதும் நான் வள்ளத்தை வெளியே எடுத்துக்கொண்டுபோய், அவர்கள் திரும்பி வரும்வரை துடுப்பைப் போட்டுப் போட்டு அந்த இடத்திலேயே நிற்பேன்.

மேலே போகிற ஆள் சிவப்புத் துணி ஒன்று கொண்டுபோகவேண்டும். உச்சிக்குப் போனதும் அதை ஆட்டுவான். கீழே நிற்கிறவன் ஒரு துடுப்பை நிமிர்த்திப் பிடித்துப் பதில் சொல்லவேண்டும். வள்ளம் சரி, நான் நிற்கிறேன் என்று அர்த்தம். தலைக்கு மேலே துடுப்பைக் குறுக்காக, படுக்கப் பிடித்தால் உடனே இறங்கவேண்டும். கண்டதும் மேலே நிற்கிறவன் துணியைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்களை இறக்கவேண்டும். இது செல்வரத்தினம் ஐயா ஏற்படுத்திய ஒழுங்கு. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னரும் விருந்தாளிகளை வரிசையாக நிற்க வைத்து என் பக்கம் கையைக் காட்டுவார்: “இவருடைய முகத்தைப் பாருங்கோ. இவர் துடுப்பைப் படுக்கப் பிடிச்சால் நீங்கள் இறங்கவேணும். நான் அங்க நிண்டாலும் நானும் இறங்கவேணும்.”

விருந்தாளிகள் என் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். அவ்வளவுதான். பிறகு திரும்பி வரும்வரை அவர்கள் பார்த்தது யாசீனின் முகத்தை.

யாசீன் என்ன செய்தான் என்று கேளுங்கள். மேலே ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு ஒடுக்கமான வெடிப்பு இருந்தது. அதற்குள்ளால் விருந்தாளிகளை ஒருவர் பின் ஒருவராக நெருக்கிக்கொண்டு போகவைப்பான். பெரிய உத்தியோகத்தர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கத்துவார்கள். புறா எந்தப் பொந்தில் குஞ்சு வைத்திருக்கிறது என்று காட்டுவான். கிழக்குப் பக்கம் அலை வந்து உடைகிற செங்குத்தில் நிற்க வைத்து, முகத்தில் உப்புத்தண்ணீர் அடிக்கிற நேரம் பார்த்து ஏதோ சொல்லுவான். எல்லோரும் சிரிப்பார்கள். என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு மட்டும்தான் கேட்கும்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கீழே வெயிலில் நின்றவன் நான். வருசக்கணக்காக ஆட்களை அந்த மலைக்குக் கொண்டுபோன நான் அந்த மலையில் ஒருநாளும் காலை வைக்கவில்லை. திரும்பும்போது ஒருவர்கூட என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். “யாசீன், அந்தப் புறாக்குஞ்சு!” “யாசீன், அந்த வெடிப்பு!” பிறகு படம் எடுத்து அனுப்புவார்கள். ஐயா அதில் ஒன்றைச் சட்டம் போட்டு விடுதிச் சுவரில் மாட்டியிருந்தார். உச்சியில் நாலு வெள்ளைக்காரர், நடுவில் பல் எல்லாம் தெரிய யாசீன். மூலையில், கடலில், ஒரு எள்ளுமாதிரிக் கறுப்பாக இருந்தது என் வள்ளம். ஐயா தூசு துடைக்கச் சொன்னால் அந்தப் படத்தை மட்டும் நான் துடைக்கமாட்டேன்.

நான் மறைக்கிற ஆள் இல்லை. எரிச்சல் வந்தால் எல்லோருக்கும் தெரியும். குசினியில் இரத்தினம் என்று ஒருவன் சமைத்தான். நான் உள்ளே வந்தாலே தொடங்குவான்.

“கணபதி அண்ணை வாறார். வயித்தெரிச்சலுக்கு மோர் கரைக்கட்டோ அண்ணை?”

“உன்ர கறியைத் திண்டால் ஆருக்குத்தான் எரியாது?”

யாசீன் கதிரையில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பான். “மச்சான், மேல என்ன கிடக்கு எண்டு நினைக்கிறாய்? புறாப்பீதான் கிடக்கு.”

“அப்ப நீ ஏன் ஒவ்வொரு நாளும் ஏறுறாய்?”

“அது பத்திரமாக் கிடக்கோ எண்டு பாக்கத்தான்.”

இரத்தினம் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பான். எனக்கும் சிரிப்பு வரும். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒருநாள் ஐயாவிடமே கேட்டேன்.

“ஐயா, இனி நான் மேல போறன். யாசீன் வள்ளத்தில நிக்கட்டும்.”

“ஏன்?”

“எத்தினை வருசம் ஐயா கீழ நிண்டு அண்ணாந்து பாக்கிறது?”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். “யாசீன் ஒரு இடத்தில நிக்கமாட்டான், கணபதி. நீ நிப்பாய்.”

அதைப் பாராட்டு என்று எடுப்பதா, தண்டனை என்று எடுப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இனி ஒரு சின்னச் சம்பவம் சொல்லவேண்டும். அது இல்லாமல் பெரிய சம்பவம் விளங்காது. ஒருநாள் குச்சவெளிப் பக்கம் வானம் இருண்டு மழை கடலில் நடந்து வருவது தெரிந்தது. துடுப்பைப் படுக்கப் பிடித்தேன். யாசீன் ஒழுங்காக ஆட்களை இறக்கினான். வள்ளத்தில் ஏற்றி முடித்தபோது அந்த மழை எங்களைத் தொடாமல் வெளிக்கடலுக்குப் போய்விட்டது. வெயில் எறித்தது. ஆசையாக வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க யாசீன் சொன்னான்:

“எங்கட கணபதியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நாங்கள் மேல நிண்டு சிரிச்சால் அவற்ற துடுப்புத் தானாப் படுத்திரும்.”

வள்ளமே குலுங்குகிற மாதிரிச் சிரித்தார்கள். நான் துடுப்பு வலித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பகிடி கரைக்கு வந்தது, குசினிக்குப் போனது, புதிதாக வருகிற விருந்தாளிகளுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அது பகிடி என்பதை எல்லோரும் மறந்து, உண்மை என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். யாசீனும் மறந்துவிட்டான் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

பெரிய சம்பவம் வாடைக்காற்றுப் பிறக்கிற காலத்தில் நடந்தது. விடுதியைப் பூட்டுகிற நாள் நெருங்கிவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு டொக்டர், அவர் மனைவி, டொக்டரின் தம்பி என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். காலையில் ஐயா வழக்கத்தைவிட அதிக நேரம் தண்ணீரில் நின்றார். “ம்” வந்தது. ஆனால் வள்ளம் தள்ளும்போது கிட்ட வந்து, “உன்ர கண் கடலில இருக்கவேணும்” என்றார். அப்படி அவர் அதற்கு முன்னர் சொன்னதில்லை.

வழமைபோல இறக்கினோம். வழமைபோல உச்சியில் சிவப்புத் துணி ஆடியது. நான் துடுப்பை நிமிர்த்திப் பிடித்தேன்.

அதன் பிறகு காற்று வரவில்லை. மழை வரவில்லை. வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான்மாதிரி இருந்தது. ஆனால் வள்ளம் ஏறி இறங்குகிற விதம் மாறிவிட்டது. அதுவரை சும்மா ஆட்டிக்கொண்டிருந்த கடல், இப்போது யாரோ கீழே இருந்து முதுகைக் கொடுத்துத் தூக்குவதுபோல நிதானமாகத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போனது. பிறகு விட்டது. கரையைப் பார்த்தேன். நாங்கள் ஆட்களை இறக்கிய இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபட்டு, ஒருநாளும் வெளியே தெரியாத முருகைக்கற்கள் தலை காட்டின. வடக்கே எங்கேயோ தூரத்தில் கிளம்பிய கடல் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

துடுப்பைத் தலைக்கு மேலே படுக்கப் பிடித்தேன்.

மேலே துணி சுருளவில்லை. ஆடியது. ஆட்டியது யாசீன் இல்லை, அந்தத் தம்பிக்காரன். யாசீன் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். சிரிப்புச் சத்தம் தண்ணீரில் வழுக்கி வந்து என் காதில் விழுந்தது. அந்தப் பகிடியை அவன் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறான் என்று எனக்கு அந்த நேரமே விளங்கியது.

வள்ளம் கல்லுப் பக்கம் இழுபட்டது. துடுப்பை இறக்கி நாலு முறை வலித்து வெளியே எடுத்தேன். மறுபடி படுக்கப் பிடித்தேன். “இறங்குங்கோடா!” என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது, சத்தம் போகவில்லை. மறுபடி இழுபட்டது. இரண்டு துடுப்பும் தண்ணீரில் இருந்தால்தான் வள்ளம் தப்பும். ஒரு துடுப்பு என் தலைக்கு மேலே இருந்தால்தான் அவர்கள் தப்புவார்கள். வள்ளம் உடைந்தால் ஒருவரும் தப்ப ஏலாது. துடுப்பை இறக்கினேன். அதை மேலிருந்து பார்த்தவர்களுக்கு என் கோபம் ஆறிவிட்டதாகப் பட்டிருக்கிறது.

முதல் பெரிய அலை அந்தக் கரையில் உடைந்தபோது மலையிலிருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அப்போதுதான் யாசீன் விளிம்புக்கு ஓடி வந்து கீழே பார்த்தான். தம்பிக்காரனின் கையிலிருந்து துணியைப் பறித்து இடுப்பில் கட்டினான். பிறகு அவனைப்போல் ஆட்களை இறக்க ஒருவராலும் ஏலாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கீழே வந்தபோது அங்கே கரை இல்லை. வெள்ளை நுரை மட்டும்தான் இருந்தது.

மலையின் தெற்குப் பக்கம் ஒரு தட்டையான கல் உண்டு. அதன் ஓரம் நேரே ஆழத்துக்குள் இறங்கும். நான் துடுப்பால் அந்தப் பக்கம் காட்டிவிட்டு வள்ளத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன். நான் போய்ச் சேரவும் அவர்கள் கல்லில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. யாசீன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அதற்குமேல் கதைக்க நேரமில்லை.

கடல் ஏறும்போது கல்லின் விளிம்புவரை ஏறும். அந்த நேரம் குதித்தால் தண்ணீர் ஆளை வெளியே கொண்டுவரும். இறங்கும்போது குதித்தால் கல்லோடு அடிக்கும். நான் பின்னுக்காக உள்ளே போகவேண்டும், ஆளைத் தூக்கவேண்டும், அடுத்த ஏற்றம் வருமுன் வெளியே வரவேண்டும். டொக்டருக்கு நீந்தத் தெரியும். யாசீன் “இப்ப!” என்றதும் குதித்தார். தூக்கினேன். மனைவிக்கு நீந்தத் தெரியாது. யாசீன் சிவப்புத் துணியை அவிழ்த்து, அவ இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டினான்.

“அம்மா, கண்ணை மூடுங்கோ. வாயையும் மூடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

குதித்தான். அந்தப் பகுதி உங்களுக்குப் பெடியன்கள் சொன்னபடிதான். அவவை நானும் டொக்டருமாக இழுத்துப் போட்டோம். யாசீன் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கல்லடிக்கு நீந்திப் போனான். தம்பிக்காரன் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

“தம்பி, துணியை நல்லா ஆட்டினீங்கள். இப்ப காலையும் கொஞ்சம் ஆட்டுங்கோ!” அந்த நேரத்திலும் அவனுக்குப் பகிடி.

தம்பிக்காரன் கடைசியில் குதித்தான். “இப்ப!” சொல்லுமுன் குதித்தான். கடல் இறங்குகிற நேரம். கல்லின் காலடியில் விழுந்து அங்கேயே சுழன்றான். இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள் பிள்ளைகளே. வள்ளம் தானாகப் போய்க் கல்லில் இடிக்கவில்லை. நான் விடவுமில்லை. நான் கொண்டுபோனேன். போகக்கூடாத தூரத்துக்கு, தெரிந்துகொண்டே, கொண்டுபோனேன். போகாவிட்டால் அந்தப் பெடியன் இல்லை. டொக்டர் அவனுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார். அடுத்த ஏற்றம் வள்ளத்தைத் தூக்கிக் கல்லுக்குக் கொண்டுபோனது. யாசீன் கல்லில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி வள்ளத்தின் விளிம்பில் உதைத்தான். வள்ளம் நின்றது. அவனுடைய கால் நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை எழுதத் தேவையில்லை. அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வலித்து வந்தேன். கரையில் ஐயா சப்பாத்தோடு, மேசோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

பெரியாஸ்பத்திரியில் அடுத்த நாள் ஐயா யாசீனின் கட்டிலடியில் நின்று கேட்டார். நான் தலைமாட்டில் நின்றேன்.

“துடுப்புப் படுத்ததோ?”

“ஓம் ஐயா.”

“கண்டனீயோ?”

“கண்டனான் ஐயா. ரெண்டு தரமும் கண்டனான்.”

“அப்ப ஏன் இறக்கேல்லை?”

யாசீன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான். “கணபதி எரிச்சலில பிடிக்கிறான் எண்டு நினைச்சிட்டன் ஐயா.”

ஐயா என் பக்கம் திரும்பினார். “எரிச்சலோ?”

“எரிச்சல்தான் ஐயா. ஆனால் துடுப்பைப் படுக்கப் பிடிச்சது கடலுக்கு.”

“எரிச்சலுக்கு ஒருநாளும் பிடிச்சதில்லையோ?”

“இல்லை ஐயா. ஒருநாளும் இல்லை.”

“ம்” என்றார். காலையில் தண்ணீரிலிருந்து ஏறிவந்து சொல்கிற அதே “ம்”.

அவர் போன பிறகு யாசீன் தலையணைக்குக் கீழே கையை விட்டு அந்தச் சிவப்புத் துணியை எடுத்தான். உப்புக் காய்ந்து விறைத்திருந்தது. “இந்தா மச்சான். இனி மேல போற ஆள் நீதான். புறாப்பீயைக் கவனமாப் பாத்துக்கொள்.”

அடுத்த பருவத்தில் நான் மலையேறினேன். நான் அவ்வளவு காலம் கேட்டது கிடைத்தது. உச்சியில் முதல்முறை போய் நின்றபோது என்ன கண்டேன் என்று நினைக்கிறீர்கள்? அவன் சொன்னது உண்மை. புறாப்பீதான் கிடந்தது. நிறையக் கல், சுற்றிவரக் கடல், கீழே ஒரு எள்ளுமாதிரி வள்ளம். விருந்தாளிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். “இது கல்” என்றேன். “அது புறா” என்றேன். அந்த வெடிப்புக்குள்ளால் போகவைத்தேன். ஒருவரும் கத்தவில்லை. நான் கடலையும் துடுப்பையும் பார்த்துக்கொண்டே நின்றதால், வழிகாட்டி தங்களைக் கவனிக்கவில்லை என்று ஒரு அம்மா ஐயாவிடம் குறையும் சொன்னா.

துணியை ஆட்டினால் யாசீன் உடனே துடுப்பைத் தூக்கமாட்டான். காதில் கையை வைத்துக் கேட்காததுபோல் நடிப்பான். நான் மேலே நின்று பதறி இரண்டு கையாலும் ஆட்டிய பிறகு மெதுவாகத் தூக்குவான்.

கொஞ்ச நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். விருந்தாளிகள் மலையில் அதிக நேரம் நிற்பதில்லை. வள்ளத்துக்குப் போக அவதிப்பட்டார்கள். ஏனென்றால் கதை இப்போது வள்ளத்தில் இருந்தது. காலை நீட்டிக்கொண்டு யாசீன் அந்த நாளைச் சொல்லுவான். அதில் அவன் தன்னைப் பெரிய ஆளாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. “நான் மடையன், துடுப்பைக் கண்டும் சிரிச்சுக்கொண்டு நிண்டனான். இந்தா வலிக்கிறாரே கணபதி, இவர்தான் எங்கள் எல்லாரையும் காப்பாத்தினவர்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவான். ஆட்கள் என் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு அவன் பக்கம் திரும்பி, “பாவம், உங்கட கால் இப்ப எப்பிடி?” என்பார்கள். என்னைப் புகழ்ந்து சொல்லியே அவன் எல்லோருடைய மனதையும் எடுத்துக்கொண்டான். நான் என்ன செய்ய?

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதேதான். நான் நாள் முழுக்க வலித்துவிட்டு வந்தால் “அப்பா வந்திட்டார்” என்று ஒரு சத்தம் கேட்கும். கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டியோடு அவன் நொண்டி நொண்டி வந்தால் நீங்கள் மூவரும் ஒழுங்கைவரை ஓடுவீர்கள். சின்னவள் அவன் தோளில் நித்திரை கொண்டிருக்கிறாள். என் தோளில் கொண்டதாக ஞாபகம் இல்லை.

பிறகு எஞ்சின் வள்ளங்கள் வந்தன. அவற்றில் துடுப்பைத் தேடவேண்டும். ஐயாவும் ஊரோடு போய்விட்டார். யாசீனை மகள் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் வேலையை விட்டேன். யாசீன் சொல்லக் கேட்ட கதையைப் பெடியன்கள் தங்கள் வசதிக்குச் சுருக்கிக்கொண்டார்கள். சுருக்கும்போது முதலில் போனது துடுப்பு. துடுப்போடு நானும் போனேன்.

போன வருசம் அவன் கண்மூடிவிட்ட செய்தி வந்தது. பாதைப் படகில் கிண்ணியாவுக்குப் போனேன். பள்ளிவாசல் முற்றத்தில் நிற்க இடமில்லை. மூதூரிலிருந்து வந்திருந்தார்கள், நிலாவெளியிலிருந்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு யாசீன் கதை, அழுகைக்கு நடுவில் சிரிப்பு. தலை நரைத்துப்போன இரத்தினம் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, “மோர் கரைக்கட்டோ அண்ணை?” என்று கேட்டுவிட்டு அழுதான். எனக்கு இவ்வளவு சனம் வராது என்று அந்த முற்றத்தில் நின்று நினைத்தேன்.

அடுத்த நாள் உங்களிடம் வலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சல்லிக் கரையில் ஒரு சிறிய வள்ளத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டு தனியே போனேன். அவ்வளவு தூரம் வலித்து நாளாகிவிட்டதால் புறாமலைக்குப் போய்ச் சேரக் கை கடுத்தது. மலையில் ஒருவரும் இல்லை. நான் வழமையாக நிற்கிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினேன். காற்று இல்லை. கடல் குளம்போலக் கிடந்தது. அடியில் ஒவ்வொரு முருகைக்கல்லும் தெரிந்தது. எந்தப் பக்கமும் மழை இல்லை, வடக்கேயிருந்து எதுவும் வரவில்லை.

வள்ளத்தில் எழும்பி நின்று, உச்சியைப் பார்த்து, துடுப்பைத் தலைக்கு மேலே படுக்கப் பிடித்தேன். கை ஓயும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கடலுக்காக இல்லாமல் நான் அப்படிப் பிடித்தது அன்றைக்கு மட்டும்தான்.